வேண்டுமென்றே ஊற்றிக்கொள்ளும் நாடகம்: ‘தி புரொட்யூசர்ஸ்’ படத்தை அன்று ஏன் திட்டினார்கள்?

அமெரிக்க நகைச்சுவை இயக்குநர் மெல் ப்ரூக்ஸின் ‘தி புரொட்யூசர்ஸ்’ படத்தில் ஒரு சின்ன இடம் வரும். நாடகத்தின் முதல் நாள். அரங்கத்தில் நிற்கிற தயாரிப்பாளர் மேக்ஸ் பியாலிஸ்டாக், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் நாடக விமர்சகரைப் பார்த்ததும் டிக்கெட்டை அவர் கையில் திணிக்கிறார். டிக்கெட்டைச் சுற்றி ஒரு நூறு டாலர் நோட்டு. விமர்சகருக்குக் கோபம் பொங்குகிறது, என்னை யாரென்று நினைத்தாய் என்று பாய்கிறார். பியாலிஸ்டாக்குக்கு வேண்டியதும் அதுதான். நல்லபடியாக எழுதச் சொல்லிக் காசு கொடுப்பவர்களைக் கேள்விப்பட்டிருப்போம், இந்த ஆள் திட்டி எழுதவேண்டும் என்பதற்காகவே லஞ்சம் கொடுத்து விமர்சகரைச் சீண்டிவிடுகிறார். 1968 மார்ச்சில் படம் நியூயார்க்கில் வெளியானபோது, அந்த நகரத்துப் பெரிய விமர்சகர்கள் பலர் ஒரு பைசா வாங்காமலேயே படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

யார் யார் என்று பார்த்தால் சாதாரண ஆட்கள் இல்லை. நியூயார்க் டைம்ஸில் ரெனாட்டா ஆட்லர், ‘இது நல்லதும் கெட்டதும் ஏகத்துக்குக் கலந்து கிடக்கிற மூட்டை, சில இடங்கள் மட்டமானவை, கொச்சையானவை, குரூரமானவை, மற்ற இடங்கள் கொஞ்சமும் எதிர்பாராத விதத்தில் சிரிப்பு மூட்டுகின்றன’ என்ற ரீதியில் எழுதினார். நியூயார்க்கர் பத்திரிகையில் பாலின் கேல், படம் புதுமையானதெல்லாம் இல்லை, கற்றுக்குட்டித்தனமாக இருப்பதால் அப்படித் தெரிகிறது என்றார். ஆண்ட்ரூ சாரிஸ் இன்னும் ஒருபடி மேலே போய் ப்ரூக்ஸின் இயக்கம் கேவலம், கையாலாகாதது என்று முடித்துவிட்டார். ஸ்டான்லி காஃப்மனுக்குப் படம் போகப் போக ஊறி உப்பிச் சொதசொதவென்று ஆனது. நகைச்சுவைப் படத்தை எப்படி எடுக்கக்கூடாது என்பதற்கு இதுவே மாதிரி என்றார் ஜான் சைமன். ஒவ்வொருவரும் அந்தக் காலத்தில் ஒரு படத்தின் தலையெழுத்தை மாற்றக்கூடியவர்கள்.

இன்று இதே படம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1996 முதல் இருக்கிறது. அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2000-இல் வெளியிட்ட சிறந்த 100 நகைச்சுவைப் படங்களின் பட்டியலில் 11-வது இடம். இந்த மாதிரிக் கதைகளை நாம் வழக்கமாக எப்படிச் சொல்வோம்? அன்றைய விமர்சகர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, மக்கள்தான் புரிந்துகொண்டார்கள், காலம் தீர்ப்பு சொல்லிவிட்டது, அவ்வளவுதான். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அந்த விமர்சனங்களைப் படத்தோடு வைத்துப் பார்த்தால், அவர்கள் கண்ணில் பட்டது எதுவும் பொய் இல்லை. படம் கூச்சல்தான், நாடகத்தனம்தான், துணுக்குத் துணுக்காகத்தான் ஓடுகிறது. ஆனால் எதையெல்லாம் குறை என்று கணக்கில் எழுதினார்களோ அதில் பாதி, படம் நிற்கிற காலே. மீதிப் பாதியில் அவர்கள் சொன்னது இன்றைக்கும் சரி.

கதையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பியாலிஸ்டாக் ஒரு காலத்தில் நியூயார்க்கின் பெரிய நாடக உலகமான பிராட்வேயின் ராஜா, இப்போது போண்டி. வயதான பணக்காரப் பாட்டிமார்களைக் கொஞ்சிக் கொஞ்சி அவர்களிடம் செக் வாங்கிப் பிழைக்கிறார். கணக்குப் பார்க்க வருகிற லியோ ப்ளூம் என்கிற பயந்தாங்கொள்ளிக் கணக்கர் ஒரு முரண்பாட்டைக் கண்டுபிடிக்கிறார். கடைசியாக ஊற்றிக்கொண்ட நாடகத்துக்கு 60,000 டாலர் திரட்டியிருக்கிறார்கள், செலவோ 58,000. இரண்டாயிரம் டாலரை பியாலிஸ்டாக் அமுக்கிவிட்டார். சரி, அதை எப்படியாவது மறைத்துத் தொலை என்று கெஞ்சுகிறார். கணக்கை எழுதிக்கொண்டே ப்ளூம் தனக்குத்தானே முணுமுணுக்கிறார்: நாடகம் ஓடாவிட்டால் யாரும் கணக்கு கேட்கப்போவதில்லை, வரித்துறைக்கும் அதில் அக்கறை இல்லை, ஆகவே ஒரு தயாரிப்பாளர் ஹிட் நாடகத்தைவிட ஊற்றிக்கொண்ட நாடகத்தில் அதிகம் சம்பாதிக்கலாம்.

இந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பது முக்கியம், படத்தின் நையாண்டி முழுக்க அதில்தான் இருக்கிறது. பிராட்வே நாடகத்துக்குப் பலர் சேர்ந்து பணம் போடுவார்கள், லாபத்தில் ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று பங்கு. மொத்தப் பங்கு நூறு சதவீதத்தைத் தாண்ட முடியாது. ஆனால் லாபமே வராது என்று முன்கூட்டியே தெரிந்தால்? அப்போது நூறு என்ன, ஆயிரம் சதவீதம்கூட விற்கலாம், பங்கு கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். பத்து லட்சம் டாலர் திரட்டி, 60,000 டாலரில் ஒரு குப்பை நாடகத்தைப் போட்டு, மறுநாளே இழுத்து மூடிவிட்டு மீதியை எடுத்துக்கொண்டு பிரேசிலுக்குப் போய்விடலாம். ஒரே ஆபத்து, நாடகம் ஹிட் ஆகிவிடக்கூடாது. ஹிட் ஆனால் அத்தனை பேருக்கும் பங்கு கொடுக்கவேண்டும், கொடுக்க முடியாது, நேரே ஜெயில். படத்தில் இவர்கள் விற்பது 25,000 சதவீதம்.

அப்புறம் உலகத்திலேயே மோசமான நாடகத்தைத் தேடுகிறார்கள். ராத்திரி முழுக்கப் பிரதிகளைப் புரட்டுகிறபோது, ஒரு மனிதன் காலையில் எழுந்ததும் தான் பூச்சியாக மாறியிருப்பதைக் காண்கிறான் என்று தொடங்கும் ஒன்றை பியாலிஸ்டாக் வாசித்துவிட்டு, இது ரொம்ப நன்றாக இருக்கிறது, வேண்டாம் என்று தூக்கிப்போடுவார். காஃப்காவுக்கு அங்கே அவ்வளவுதான் மரியாதை. கடைசியில் சிக்குவது ஃப்ரான்ஸ் லீப்கைண்ட் என்கிற பழைய நாஜி எழுதிய ‘ஸ்பிரிங்டைம் ஃபார் ஹிட்லர்’. அவருக்கு ஹிட்லர்மீது தீராத காதல். ஹிட்லர் அருமையாக நடனம் ஆடுவார், இது நிறையப் பேருக்குத் தெரியாது என்பார். ஒரே மத்தியானத்தில் ஒரு வீடு முழுக்க இரண்டு கோட் பெயின்ட் அடிக்கக்கூடியவர் ஹிட்லர், சர்ச்சிலுக்கு அது வருமா என்று கேட்பார்.

விமர்சகர்களின் முதல் குற்றச்சாட்டு: இது சினிமாவே இல்லை, படம் பிடித்த மேடை. இது எங்கிருந்து வந்தது என்பதற்கு ப்ரூக்ஸின் பின்னணியைப் பார்த்தால் போதும். 1926-இல் புரூக்ளினில் பிறந்த யூதப் பையன், இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் கண்ணிவெடி அகற்றும் வேலை பார்த்தவர், திரும்பி வந்து 1950-களில் சிட் சீசரின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குத் துணுக்கு நாடகங்கள் எழுதியவர். இந்தப் படத்துக்கு முன்னால் அவர் ஒரு முழுநீளப் படம்கூட இயக்கியதில்லை. பத்து லட்சம் டாலருக்கும் குறைவான பட்ஜெட். கேமராவை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை என்று கேலும் சாரிஸும் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. ஆட்லரும் இதையே வேறு வார்த்தையில் சொன்னார்: சிரிப்பு படிப்படியாக ஏறவில்லை, ஒரு துணுக்குக்கு அடுத்து இன்னொரு துணுக்கு, சிலது கேவலம், சிலது அமர்க்களம்.

ஆனால் அந்த முதல் அரை மணி நேரத்தைப் பாருங்கள். ஒரு அழுக்கு அலுவலகம், இரண்டே பேர், பூட்டின கதவு. பியாலிஸ்டாக்காக வருகிற ஜீரோ மாஸ்டெல் பெரிய உடம்புக்காரர், வழுக்கையை மறைக்க நாலு முடியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இழுத்து ஒட்டியிருப்பார். ஜன்னலுக்கு வெளியே ஒரு ரோல்ஸ் ராய்ஸ் நிற்கிறது, கண்ணாடி அழுக்கில் சரியாகத் தெரியவில்லை, கையிலிருக்கிற காப்பியை எடுத்துக் கண்ணாடியில் ஊற்றித் துடைத்துப் பார்ப்பார். ஒரே நேரத்தில் ஆறு நாடகம் ஓட்டியவன், இன்று நான் கட்டியிருப்பது அட்டை பெல்ட் என்று கத்துவார். எதிரே ப்ளூமாக ஜீன் வைல்டர், சட்டைப் பையில் சின்ன வயதுப் போர்வையின் நீலத் துண்டு ஒன்றை மடித்து வைத்திருக்கிற ஆள். அதைப் பிடுங்கினால் வலிப்பு வந்ததுபோல அலறுவார். பியாலிஸ்டாக் அவரை அமைதிப்படுத்த ஒரு தம்ளர் தண்ணீரை மூஞ்சியில் வீச, ‘நனைந்துவிட்டேன்! பதறிப்போயும் இருக்கிறேன், நனைந்தும் இருக்கிறேன்!’ என்று அலறல் இன்னும் கூடும். ஒரு அறை விட, ‘வலிக்குது! நனைந்தும் இருக்கிறேன்! இன்னும் பதற்றம் போகலை!’

இதில் கேமரா பெரிதாக எதுவும் செய்வதில்லை, உண்மைதான். செய்யவேண்டியதும் இல்லை. ஒருவர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கிற காளை, இன்னொருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கிற பூனை, அந்த இரண்டு உடம்புகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளிதான் காட்சி. அதை நெருக்கமான ஷாட்டுகளாக வெட்டியிருந்தால் போயிற்று. மாஸ்டெல் ‘ஓவராக’ நடிக்கிறார் என்பது ஆட்லருக்குப் பெரிய குறை, வைல்டரை மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. பியாலிஸ்டாக் என்கிற ஆள் இருபத்துநாலு மணி நேரமும் நடித்துக்கொண்டிருப்பவன். பாட்டியிடம் காதலனாக, வீட்டுக்காரரிடம் அப்பாவியாக, கணக்கரிடம் தகப்பனாக. அவன் அடக்கி வாசித்தால் பாத்திரமே இல்லை. மாஸ்டெல் 1950-களில் கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் கறுப்புப் பட்டியலில் போடப்பட்டு, 1955-இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் நின்று, வருடக்கணக்கில் சினிமா வாய்ப்பே இல்லாமல் இருந்தவர். அட்டை பெல்ட் வசனத்தை அவர் சொல்கிறபோது வருகிற ஆத்திரம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கேலின் விமர்சனத்தில் இன்னொரு கூர்மையான விஷயம் இருக்கிறது, அது அடிக்கடி விட்டுப்போகிறது. நாடக உலகத்து யூதர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்கிற நக்கல், முன்பெல்லாம் சினிமாவுக்கு ரொம்பக் குறுகின வட்டத்துச் சரக்கு என்று ஒதுக்கப்பட்டது, இந்தப் படம் அதில் புரண்டு மகிழ்கிறது என்றார் அவர். குறையாகச் சொன்னார், ஆனால் படத்தைப் பற்றி அன்று யாரும் இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை. ஹாலிவுட்டை நிர்மாணித்தவர்களில் யூதர்கள் அதிகம், ஆனால் அவர்கள் எடுத்த படங்களில் யூதர் யூதராகப் பேசுவது அபூர்வம். பெயரை மாற்றிக்கொள்வார்கள், உச்சரிப்பை மாற்றிக்கொள்வார்கள். ப்ரூக்ஸும் பிறப்பில் கமின்ஸ்கிதான். ஆனால் படத்தில் அந்தப் பேச்சு, கை வீச்சு, புலம்பல் எதையும் மறைக்கவில்லை. ஊரறிய ஒலிபெருக்கியில் போட்டார். நல்ல குடும்பத்து விருந்தில் யாரோ சமையலறைப் பேச்சைப் பேசிவிட்ட மாதிரி இருந்திருக்கும், அந்தச் சங்கடம் சில விமர்சனங்களில் நன்றாகவே தெரிகிறது.

இன்னொரு சங்கடம், ஹிட்லர். போர் முடிந்து இருபத்துச் சொச்சம் வருடம்தான். யூதப் படுகொலையை ஏற்பாடு செய்த நாஜி அதிகாரி ஐக்மன் மீதான விசாரணை நடந்து ஏழு வருடம்தான். தப்பி வந்தவர்கள், உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் நியூயார்க்கில் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள். படத்தை வெளியிட்ட ஜோசப் லெவின் ‘ஸ்பிரிங்டைம் ஃபார் ஹிட்லர்’ என்ற மூலத் தலைப்பையே ஏற்கவில்லை, தியேட்டர்காரர்கள் எடுக்கமாட்டார்கள் என்று சொல்லி மாற்ற வைத்தார். (ஸ்வீடனில் அந்த ஹிட்லர் தலைப்பிலேயே ஓடியது, ஓடியதோடு இல்லாமல் ப்ரூக்ஸின் பிந்தைய படங்களுக்கும் அதே பாணியில் பெயர் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.) 1967 நவம்பர் 22-இல் பிட்ஸ்பர்க் நகரத்தில் முதலில் திரையிட்டார்கள், படுதோல்வி. படத்தைப் பெட்டியிலேயே வைத்துவிடலாமா என்கிற நிலைக்கு லெவின் வந்துவிட்டார். தனிக் காட்சியில் படத்தைப் பார்த்த நகைச்சுவை நடிகர் பீட்டர் செல்லர்ஸ் பரவசமாகி, சொந்தமாகப் பத்திரிகை விளம்பரம் கொடுத்து இதைப் புகழ்ந்ததில்தான் படத்துக்கு உயிர் வந்தது. லியோ ப்ளூம் வேடத்துக்கு முதலில் யோசிக்கப்பட்டவர்களில் செல்லர்ஸும் ஒருவர் என்பது வேடிக்கை. அதைவிட வேடிக்கை, நாஜி வேடம் போட இருந்த டஸ்டின் ஹாஃப்மன் கடைசி நேரத்தில் ‘தி கிராஜுவேட்’ படத்துக்குப் போய்விட்டார், அதில் அவருக்கு ஜோடியாக வந்தது ப்ரூக்ஸின் மனைவி ஆன் பான்க்ராஃப்ட்.

ஹிட்லரைக் கேலி செய்த முதல் ஆள் ப்ரூக்ஸ் இல்லை. சாப்ளின் 1940-இலேயே ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தில் செய்தார். வதை முகாம்களில் நடந்தது முழுக்கத் தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று தன்வரலாற்றில் பிற்பாடு எழுதினார். 1942-இல் எர்ன்ஸ்ட் லுபிட்ச் வார்ஸா நகரத்து நாடகக் குழுவை வைத்து நாஜிகளைக் கிண்டலடித்தபோது இதே நியூயார்க் டைம்ஸில் பாஸ்லி க்ரௌதர் அதை ரசனை கெட்ட செயல் என்று சாடினார். அந்தப் படமும் இன்று கிளாசிக். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் எடுத்தபோது ஹிட்லர் உயிரோடு இருந்தான், அடிக்கவேண்டிய எதிரி. ப்ரூக்ஸ் எடுக்கும்போது எதிரி இல்லை, பிணங்களும் நினைவுகளும்தான். அப்புறம் இந்தக் கேலி யாரை நோக்கி?

பலர் இதற்கு ப்ரூக்ஸ் பேட்டிகளில் சொன்ன பதிலையே திருப்பிச் சொல்வார்கள்: சர்வாதிகாரியோடு மேடை போட்டு வாதாடி ஜெயிக்க முடியாது, அவனைப் பார்த்துச் சிரித்தால்தான் அவன் சின்னவனாவான். கேட்க நன்றாக இருக்கிறது. படத்தில் நான் பார்ப்பது அது இல்லை. படம் அடிப்பது ஹிட்லரைவிட, எதை எடுத்தாலும் பாட்டு, நடனம், பளபளப்பு என்று ஆக்கிவிடுகிற கேளிக்கைத் தொழிலை. நாடகத்தை இயக்க வருகிற ரோஜர் டி ப்ரீ ஹிட்லர் நாடகத்தைப் படித்துவிட்டு என்ன சொல்கிறார்? மூன்றாவது அங்கம் சரியில்லை, போரில் தோற்கிறார்கள், ரொம்பச் சோகமாக இருக்கிறது, அதைத் தூக்கிவிடுவோம். அவ்வளவுதான் அவருக்கு வரலாறு. நாஜி லீப்கைண்டுக்கும் உள்ளே இருப்பது எழுத்தாளரின் கர்வம். தன் நாடகத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்களிடம் எழுந்து நின்று, ‘நீங்கள் பார்வையாளர்கள், நான் எழுத்தாளன், உங்களைவிட நான் பெரியவன்!’ என்று சண்டைக்குப் போகிறார். லியோ ப்ளூம் குற்றத்துக்குச் சம்மதிக்கிற இடத்தைப் பாருங்கள். லிங்கன் சென்டர் நீரூற்றுக்கு முன்னால் நின்று, சினிமாவில் பார்த்ததெல்லாம் எனக்கு வேண்டும் என்று கத்துகிறார், நீரூற்று பீறிட்டு எழுகிறது. ஒவ்வொருவரையும் கெடுத்து வைத்திருப்பது மேடை ஆசை.

இதையெல்லாம் ஒரே இடத்தில் குவித்துக் காட்டுவது, நாடகத்தின் தொடக்கத்தில் வருகிற ‘ஸ்பிரிங்டைம் ஃபார் ஹிட்லர்’ பாட்டு. திரை விலகுகிறது, ஜெர்மன் கிராமத்து உடை போட்ட கோரஸ், நளினமான இசை, பழைய பிராட்வேயின் ஆடம்பர அணிவகுப்பு. பெண்கள் ஒவ்வொருவராகப் படியிறங்குகிறார்கள், தலையிலும் மார்பிலும் பியர் கோப்பை, பிரெட்சல், கழுகு. ஒரு குரல் ‘முட்டாளாக இருக்காதே, கெட்டிக்காரனாக இரு, நாஜிக் கட்சியில் சேர்’ என்று ரைமிங்காகப் பாடுகிறது, அந்தக் குரல் ப்ரூக்ஸுடையது. பிறகு கேமரா மேலே போகிறது, 1930-களில் ஹாலிவுட் நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி நடனப் பெண்களை வைத்துப் பூக்கோலம் போட்ட அதே கோணம். கீழே ஆடுகிறவர்கள் ஸ்வஸ்திகாவாகச் சுழல்கிறார்கள். கேமரா வைக்கத் தெரியாது என்று திட்டு வாங்கிய ஆள், வைக்கவேண்டிய ஒரு இடத்தில் சரியாக வைத்திருக்கிறார்.

அடுத்த ஷாட் பார்வையாளர்கள். ஒரு அரங்கம் நிறைய மனிதர்கள் வாய் பிளந்து உறைந்து கிடக்கிறார்கள். நெடுநேரம் காட்டுகிறார்கள். ஒரே ஒருவர் கை தட்டுகிறார், பக்கத்தில் இருப்பவர்கள் அவரை மொத்துகிறார்கள். சிலர் எழுந்து வெளியேறுகிறார்கள், என்ன மட்டமான ரசனை என்று ஒருவர் முணுமுணுக்கிறார். பியாலிஸ்டாக்கும் ப்ளூமும் ஜெயித்துவிட்டோம் என்று எதிர் பாருக்குக் குடிக்கப் போகிறார்கள். அந்த நேரம் பார்த்து உள்ளே ஹிட்லராக ஒரு போதை ஹிப்பி வந்து உளற, யாரோ சிரிக்க, வெளியே போனவர்கள் திரும்பி வந்து உட்கார, அவ்வளவுதான், நாடகம் ஹிட். தப்பான நாடகம், தப்பான இயக்குநர், தப்பான நடிகர்கள் என்று பார்த்துப் பார்த்துத்தானே எடுத்தேன், எங்கே சரியாகிப்போனது என்று பியாலிஸ்டாக் புலம்புகிற வசனம் அங்கேதான்.

படத்துக்கு வரப்போகிற விமர்சனம் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டுவிட்டது. அதிர்ச்சி, அருவருப்பு, வெளிநடப்பு, அப்புறம் ஒரு சிரிப்பு, அது தொற்றிக்கொள்வது. பார்வையாளர்கள் மனம் மாறக் காரணம் நாஜிகளைப் பற்றி அவர்களுக்கு ஏதோ புரிந்தது அல்ல. இதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ அனுமதி கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இந்த நாடகத்தில் ரசனைக்கேடு என்கிற அளவுக்குக்கூட ஒன்றும் தேறவில்லை என்று காஃப்மன் சொன்னார். சரிதான், காட்டமாக ஒன்றும் இல்லை, எல்லாம் சர்க்கரைப் பாகு. எந்த அரக்கனையும் இந்தத் தொழில் சர்க்கரைப் பாகில் முக்கி மேடையேற்றிவிடும் என்பதுதானே அந்தக் காட்சி.

சரி, விமர்சகர்கள் சொன்னதில் இன்றும் நிற்பது எது? முதலில், அந்தப் பாட்டுக்குப் பிறகு படம் என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறுகிறது. டைம் வாரஇதழ் படத்தைப் பல இடங்களில் ரசித்துவிட்டு, முடிவில் செண்டிமெண்டில் முனகி ஓய்கிறது என்றது. அரங்கத்தை வெடி வைத்துத் தகர்ப்பது, கோர்ட், ‘நம்பவே முடியாத அளவுக்குக் குற்றவாளிகள்’ என்று ஜூரி தீர்ப்பு சொல்வது, பியாலிஸ்டாக்கைப் பற்றி ப்ளூம் உருகுவது, ஜெயிலுக்குள் இன்னொரு நாடகத்துக்குப் பங்கு விற்பது, எல்லாம் அவசர அவசரமாகக் கடந்துபோகிறது. அப்புறம் டிக் ஷான் நடித்த ஹிப்பி. 1967-க்கு அவன் புதுசாக இருந்திருப்பான், இன்று அவன் வருகிற ஒவ்வொரு நிமிடமும் நீளம். படம் முழுக்க நம்பியிருக்கிற அந்தத் திருப்பத்தை, படத்திலேயே பலவீனமான நடிப்பு தாங்கவேண்டியிருக்கிறது. இதுதான் கட்டுமானத்தில் இருக்கிற உண்மையான ஓட்டை.

ஆட்லர் சொன்ன ‘குரூரம்’ என்பதையும் தள்ளிவிட முடியாது. பாட்டிமார்களின் ஆசையைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிற காட்சிகளில் எனக்குப் பாதி நேரம் சிரிப்பு வருவதில்லை. வேலைக்கு வருகிற உல்லா என்ற ஸ்வீடன் பெண்ணுக்கு ஆடுவதைத் தவிர வேலை இல்லை, பெரிதாக வசனமும் இல்லை. டி ப்ரீயும் அவருடைய உதவியாளரும் ஓரினச்சேர்க்கையாளர்கள் என்பதே ஒரு ஜோக்காக நீள்கிறது. அந்தக் காலம் அப்படி என்று சொல்லலாம். ஆனால் அந்தக் காலத்திலேயே ஒரு பெண் விமர்சகர் குரூரம் என்ற சொல்லைப் போட்டிருக்கிறாரே.

படம் அன்று பெரிய வசூல் எதுவும் பண்ணவில்லை. ஆனால் 1969 ஏப்ரலில் சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் ப்ரூக்ஸுக்குக் கிடைத்தது, போட்டியில் இருந்தவை ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’, ‘தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’ போன்ற படங்கள். மனதில் இருப்பதைச் சொல்கிறேன் என்று மேடையேறி ‘லப்டப், லப்டப்’ என்றார். எழுத்துக்கு விருது, இயக்கத்துக்குத் திட்டு என்பது ஒரு விதத்தில் விமர்சகர்களோடு அகாடமியும் ஒத்துப்போன மாதிரிதான். இன்னொரு பக்கம் ரோஜர் ஈபர்ட் போன்ற விமர்சகர்கள் இதுவரை வந்ததிலேயே மிகச் சிரிப்பான படங்களில் இது ஒன்று என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஈபர்ட் சொன்ன ஒரு சம்பவம் பிரபலம். நியூயார்க்கில் ஒரு லிஃப்டில் ப்ரூக்ஸைப் பார்த்த ஒரு பெண், உங்கள் படம் கொச்சையாக இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்ல, ‘அம்மா, அது கொச்சைக்கும் கீழே உயர்ந்த படம்’ என்று சிரித்தாராம் ப்ரூக்ஸ்.

2001-இல் இதே கதை பிராட்வேயில் இசை நாடகமாக வந்தது. நடிப்பு நேதன் லேன், மேத்யூ ப்ராடரிக், இயக்கம் சூசன் ஸ்ட்ரோமன். பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கிற டோனி விருதுகளில் 12, அது ஒரு சாதனை. பத்திரிகைகள் கொண்டாடின, நியூயார்க் டைம்ஸும்தான். ஹிப்பி பாத்திரத்தைத் தூக்கிவிட்டு, டி ப்ரீயையே ஹிட்லராக ஆடவைத்தார்கள், நான் மேலே சொன்ன ஓட்டை அடைபட்டுவிட்டது. உல்லாவுக்கும் பேச்சும் பாட்டும் கிடைத்தன. கட்டுமானத்தில் படத்தைவிட இது நேர்த்தி என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் படத்தில் இருந்த பசி போய்விட்டது. படத்தின் பியாலிஸ்டாக் உண்மையிலேயே வாடகை கட்ட வழியில்லாதவன். நாடகத்தில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், கைதட்டலுக்கு இடம் விட்டு விட்டுப் பேசுகிறார்கள். பிராட்வேயைக் கேலி செய்த கதை பிராட்வேக்கு எழுதிய காதல் கடிதமாகிவிட்டது. அதே மேடைக் குழு 2005-இல் அதைத் திரும்பப் படமாக்கியபோது, 1968-இல் சொன்ன குற்றச்சாட்டு அட்சரம் பிசகாமல் திரும்பி வந்தது: படம் பிடித்த மேடை, கூச்சல். இந்த முறை நானும் ஒத்துக்கொள்வேன். இரண்டாயிரம் பேர் அரங்கத்துக்கு அளந்த நடிப்பை கேமராவுக்கு முன்னால் அப்படியே வைத்தார்கள், பூட்டின அறையில் இரண்டு பேர் என்கிற நெருக்கடி அதில் எங்கேயும் இல்லை. படம் நஷ்டம்.

2009-இல் இசை நாடகம் பெர்லினுக்கே போனது, அட்மிரால்ஸ்பலாஸ்ட் அரங்கத்துக்கு. வெளியே தொங்கவிட்ட பதாகைகளில் ஸ்வஸ்திகா இருக்கவேண்டிய இடத்தில் பிரெட்சல் படம் போட்டிருந்தார்கள், நாஜிச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்ட அங்கே சட்டத்தில் தடை. உள்ளே ஜெர்மானியர்கள் உட்கார்ந்து சிரித்தார்கள். அதற்கு மூன்று வருடம் முன்னால் ஒரு ஜெர்மன் வாரஇதழுக்குக் கொடுத்த பேட்டியில் ப்ரூக்ஸ் தன்னுடைய எல்லை எது என்று சொல்லியிருந்தார்: ஹிட்லரைக் கேலி செய்யலாம், வதை முகாமுக்குள் நகைச்சுவை தேடக்கூடாது, ராபர்ட்டோ பெனினி எடுத்த ‘லைஃப் இஸ் ப்யூட்டிஃபுல்’ அதைச் செய்தது, தனக்கு ஒப்பவில்லை என்று. 1968-இல் தன்னைப் பார்த்து மற்றவர்கள் சொன்ன அதே விதமான ஆட்சேபத்தை இன்னொரு படைப்பாளியிடம் அவரும் வைத்தார். ‘தி புரொட்யூசர்ஸ்’ படத்தில் முகாம் என்ற சொல்லுக்கே இடமில்லை என்பதைக் கவனித்தால் அவர் சொல்வது படத்தோடு பொருந்துகிறது. அதே காரணத்தை வைத்து, கொலையைப் பேசாமல் ஹிட்லரைப் பற்றி ஒரு படமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படத்தில் பதில் இல்லை.

பணத்தைப் பற்றி ஒன்று மட்டும். பிராட்வே இசை நாடகம் வந்த அதே 2001-இல், கள்ளச்சந்தைக்காரர்கள் டிக்கெட்டைக் கொள்ளை விலைக்கு விற்கிறார்கள், அந்தப் பணம் நமக்கே வரட்டுமே என்று தயாரிப்பாளர்கள் நல்ல இருக்கைகள் சிலவற்றுக்கு 480 டாலர் விலை வைத்தார்கள். பிராட்வேயில் அதற்கு முன் கேள்விப்படாத விலை. இன்று அங்கே எல்லாப் பெரிய நாடகமும் அப்படித்தான் விற்கிறது. பியாலிஸ்டாக்குக்கு இது தோன்றாமல் போய்விட்டது, பாவம், ஹிட் நாடகத்திலும் கறக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பார்க்காதவர்கள் 2005 படத்தை விட்டுவிட்டு 1967 படத்திலிருந்து தொடங்குங்கள், ஒன்றரை மணி நேரம்தான். அலுவலகக் காட்சியில் சிரிப்பு வரவில்லை என்றால் மிச்சமும் உங்களுக்கு வராது, நிறுத்திவிடலாம். நல்ல விமர்சகர்கள் பலர் அந்தப் பக்கம்தான் இருந்தார்கள்.